சுவரில் மாட்டிய முகம்

“…அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா மேசைக்கு அடியில ஒரு சின்ன ஃபேன் வந்திருக்குமேக்கா. என் மூஞ்சிய இன்னாத்துக்கு சொவுத்துல மாட்டினே?”

கேட்டவள் என்னிடம் துணி வெட்டிக்கொண்டிருந்தவள். ஆந்திர எல்லையில் இருக்கும் சத்தியவேட்டில் ஒரு வாடகைக் கூடத்தில் நைட்டி தைத்து விற்கிறேன். தைக்கப் பலர் வந்தார்கள், போனார்கள். வெட்ட அவள் ஒருத்திதான். வெட்டு கோணிப்போனால் பிறகு எத்தனை நல்ல தையல்காரி வந்தாலும் நைட்டி நேராகத் தொங்காது. திருப்பதி மொத்தக் கடைக்காரர் என் சரக்கைத் தூக்கி உதறிப் பார்த்து, “கட்டிங் பாகுந்தம்மா” என்று மெச்சுவார் அப்போதெல்லாம். மெச்சல் எனக்கு, வேலை அவளுக்கு. முதலாளி என்றால் அப்படித்தானே.

அவளும் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். காலையில் தெருமுனையில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி பஸ் வந்து நிற்கும். என்னிடம் பாபினில் நூல் சுற்றக் கற்ற பெண்கள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு அதில் ஏறுவார்கள். ஏறியவர்கள் சும்மாவும் போவதில்லை. ஜன்னலில் இருந்து, “அங்க ஏசிக்கா! ஸ்வெட்டர் போட்டுக்கினு வேல செய்றோம்!” என்று எனக்குக் கேட்கிற மாதிரி கத்துவார்கள்.

ஏசிக்கு நான் எங்கே போவேன்? என்னால் முடிந்தது பதினொரு மணிக்கு இஞ்சி டீ, வெள்ளிக்கிழமை தலைக்குப் பூ, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போக லீவு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்து நின்றால் முகம் சுளிக்காமல் அனுப்பிவைப்பேன். எதிர் டீக்கடைக்காரர் ஒருநாள் சொன்னார்: “சம்பளத்த ஏத்த முடியாதவங்கதாம்மா சிரிச்சிப் பேசக் கத்துக்கிறாங்கோ.” அவரிடமும் சிரித்துத்தான் வைத்தேன்.

கூடத்தில் இருந்தது ஒரே ஒரு ஃபேன். நைட்டித் துணி மெல்லியது. அடுக்கடுக்காக விரித்துக் கோடு போடும்போது மேலிருந்து காற்று பட்டால் அடுக்கு நகர்ந்துவிடும். அதனால் அவள் துணி விரித்தால் ஃபேனை நிறுத்திவிடுவோம். எல்லாரும் வேர்த்து வழிவார்கள், அவள் மேல் எரிந்து விழுவார்கள். “மேசைக்குக் கீழ ஒண்ணு வெச்சா காலுக்காவது காத்து வரும்க்கா, துணியும் பறக்காது” என்று கோடை தொடங்கியதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த ஆர்டர் போகட்டும், போகட்டும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் போனில் ஒரு வீடியோ வந்தது. கோட்டு போட்ட ஒருவர், செலவில்லாமல் ஆட்களைத் தக்கவைப்பது எப்படி என்று விளக்கினார். பாராட்டுங்கள் என்றார். நன்றாக வேலை செய்கிறவரின் படத்தை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள் என்றார். எனக்கு அது வேத வாக்காகப் பட்டது.

பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலையில் அவள் சிரித்துக்கொண்டு நின்ற படம் என் போனில் இருந்தது. ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி ஃபிரேம் போடச் சொன்னேன்.

“கீழ தேதி போடணுமாம்மா?”

“இந்த மாசத்த போட்டா போதும்பா.”

“வயசானவங்களா?”

“சேச்சே, சின்ன வயசு. தங்கமான பொண்ணு.”

ஸ்டுடியோக்காரர் ‘த்சொ’ என்று நாக்கைத் தட்டிவிட்டு, தானாகவே விலையைக் குறைத்துக்கொண்டார். நல்ல மனுஷன் என்று நினைத்தபடி வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். சாமிக்குப் போட்டதுபோக மீந்த மல்லிகைச் சரத்தை அதற்கும் போட்டேன். அவள் அன்று பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு முன்னால் சோற்றுத் தூக்கோடு அவள் மாமியார் வந்துவிட்டாள். சுவரைப் பார்த்தாள். தூக்கு கீழே விழுந்தது.

“ஐயோ, என் மருமவளே! காலைல நல்லாத்தானேம்மா போனே!”

தெருவே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு ஓடிவந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டபடி உள்ளே வந்தது அவளேதான்.

ஓவர்லாக் மிஷினில் இருந்தவள் சும்மா இருப்பாளா? “வாக்கா, உனக்குத்தான் காத்துக்கினு இருக்கோம். பதினாறாம் நாளு சாப்பாடு எங்க?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமியார் மட்டும் மருமகளின் கன்னத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் சிரிக்கவில்லை. படத்தையும், அதன் கீழே இருந்த மாதத்தையும், கொட்டிக்கிடந்த சோற்றையும் பார்த்தாள்.

“உன்னப் பாராட்டத்தான்மா மாட்டினேன். பெரிய கம்பெனில எல்லாம் இப்படித்தான் மாட்டுறாங்க” என்றேன்.

“பெரிய கம்பெனில ஃபேனும் மாட்டுறாங்கக்கா.”

அதற்குப் பிறகுதான், “உசிரோட இருக்கிறவளுக்குக் காத்துதானே வேணும், மாலை எதுக்கு? அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா…” என்று அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

வாடகையைச் சொல்லியிருக்கலாம், கரண்ட் பில்லைச் சொல்லியிருக்கலாம். ஊரில் என்னை வாயாடி என்பார்கள். அன்று குனிந்து, கொட்டிக்கிடந்த சோற்றைத் தூக்கில் அள்ளினேன்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பூச்சரத்தை எடுத்துச் சாமி படத்துக்கே போட்டாள். தன் படத்தைக் கழற்றி முந்தானையில் சுற்றி இடுக்கிக்கொண்டாள். பிறகு வேலை நேரமெல்லாம் கழுத்தில் கிடக்கும் அளவு டேப்பைக் கைப்பையிலிருந்து எடுத்து அந்த ஆணியில் மாட்டிவிட்டு, இறங்கி, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.