அண்ணியின் கல்யாணப் பத்திரிகையில் படித்த ஜப்பானிய மொழி

என் மேசை இழுப்பறையில் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு அட்டைத் துண்டு இருக்கிறது. ரோஜா நிறம், ஓரத்தில் ஜிகினா, மூலையில் மங்கிப்போன மஞ்சள். நடுவே மணமகள் என்று போட்டு என் அண்ணியின் பெயர். பெயருக்குப் பக்கத்தில் நீலப் பேனாவால் ஜப்பானிய எழுத்தில் ஒரு கிறுக்கல். அது அண்ணியின் கல்யாணப் பத்திரிகை. மீந்துபோன பத்திரிகைகளைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டிய புண்ணியவதி நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று தினம் ஒரு பேச்சு, அப்பாவோ சுரங்கத் தொழிலாளி. நான் அங்கிருந்து தினமும் ரயிலில் போய் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும் ஒப்பந்த வேலையில் இருந்தேன். மார்ச்சோடு அது முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்து கம்பெனிக்கு ஜப்பான்காரர்களின் வேலை கிடைத்தது. மூன்று மாதத்தில் ஜப்பானிய மொழி ஆரம்பத் தேர்வில் தேறுகிறவர்களுக்கு வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் கையைத் தூக்கிவிட்டேன். முதல் வகுப்பிலேயே எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'நான் நாளைக்கு ஆபீசுக்குப் போறேன்' என்று நாம் சொல்கிற அதே வரிசையில் அவர்களும் சொல்கிறார்கள்! அடேயப்பா, இது நம்ம பாஷைதான், சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று வழியெல்லாம் எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன். எழுத்து மட்டும்தான் பூதமாக நின்றது. முதல் வகை எழுத்திலேயே நாற்பத்தாறு.

அதற்குத்தான் பத்திரிகையை வெட்டினேன். அச்சடித்த பக்கத்தில் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் ஜப்பானிய எழுத்து, வெற்றுப் பக்கத்தில் அதன் உச்சரிப்பு தமிழில். வந்து பார்த்த அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அடிப்பாவி, கல்யாணம் ஆயி ஒரு வருசம்கூட ஆவலையே, அதுக்குள்ள இப்படி வெட்டிப் போட்டுட்டியே!" திட்டி முடித்துவிட்டு, "குடு, நான் கேக்குறேன், நீ சொல்லு" என்று அட்டைக் கட்டை வாங்கிக்கொண்டவரும் அவர்தான். அண்ணி ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்தார். காலை ரயிலில் இருவரும் ஒன்றாகத்தான் போவோம். எதிர் இருக்கையில் துண்டை விரித்து ரம்மி ஆடுகிறவர்கள், "இன்னாம்மா, ஜோக்கர் யார் கையில?" என்று எங்களைக் கிண்டல் செய்வார்கள். அண்ணி அட்டையை நீட்டுவார், நான் பட்பட்டென்று சொல்வேன். பத்தே நாளில் நாற்பத்தாறும் பிழையில்லாமல் வந்துவிட்டது. எனக்கிருந்த கர்வம் அந்தப் பெட்டியில் கொள்ளவில்லை.

வகுப்பில் முதல் பரீட்சை வைத்தார்கள். பலகையில் எழுதிய எழுத்துகளில் பதினொன்றுதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் ரயிலில் உட்கார்ந்து அழுதேன். வேலை போச்சு, எல்லாம் போச்சு என்று. "சும்னே அழாத, இரு" என்ற அண்ணி, ஏதோ யோசித்து, ஒரு அட்டையின் எழுத்தைக் கட்டைவிரலால் முழுசாக மறைத்துக்கொண்டு நீட்டினார். "இது இன்னா?" "நே" என்றேன். இன்னொன்று, அதையும் மறைத்துத்தான். "மே." அட்டையைத் திருப்பிப் பார்த்தார், இரண்டும் சரி! "எழுத்தே தெரியாம எப்படிடி சொல்ற? மஞ்சக் கறை பட்டா நே, எங்கப்பா பேரு இருந்தா மே, உங்கண்ணன் பி.காம். இருந்தா நு. நீ எங்க ஜப்பான் படிச்ச? என் கல்யாணத்தயில்ல படிச்சிருக்க!" ரம்மிக்காரர்கள் சீட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். மூக்கைச் சிந்திக்கொண்டே நானும் சிரித்தேன்.

மறுநாள் அண்ணி பையிலிருந்து எடுத்தது துணியில் குறி போடும் தையல் சாக்கட்டி. தன் கறுப்பு ரெக்சின் கைப்பையை மடியில் நிறுத்தி அதன்மேல் ஒரு எழுத்தை வரைந்தார், நான் சொன்னதும் முந்தானையால் துடைத்தார், அடுத்ததை வரைந்தார். கறையும் இல்லை, பெயரும் இல்லை. கொஞ்ச நாளில் கட்டைப் பார்க்காமலே வரைய ஆரம்பித்தார். கை தடுமாறவே தடுமாறாது. வளைவு சரியில்லையென்றால், சட்டையில் கை தைக்க ஆர்ம்ஹோல் வெட்டுகிற கணக்கில் திருத்துவார். "ஒம்போதாவதோட நிறுத்துன கை, பாரு" என்று சிரிப்பார். எனக்கும் வெறி ஏறிக்கொண்டது. ஜன்னல் தூசியில் எழுதினேன், டிக்கெட்டின் பின்னால் எழுதினேன். தேர்வு அன்று கேள்வித்தாளைத் திருப்பினால் அத்தனையும் படிக்க முடிந்தது. முடிவு வந்த சாயங்காலம், ஒயிட்ஃபீல்டில் ரயிலை விட்டுக் குதித்து, அது கிளம்புவதற்குள் பிளாட்பாரத்தில் ஓடி, "அண்ணி, பாஸ்!" என்று கத்தினேன். ரம்மிக்காரர்கள் பெட்டி முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

வேலை நிரந்தரமாகி, அடுத்த வருடமே மூன்று மாதம் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அண்ணிக்குத் தமிழில்தான் கடிதம் போட்டேன், ஆனால் ஜப்பானிய எழுத்தில். வீட்டில் அப்பாவும் பி.காம். அண்ணனும் அதைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்களாம். வேலை முடிந்து வந்த அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு, நடுவீட்டில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரை உரக்கப் படித்தாராம். இதையெல்லாம் அம்மாதான் பிறகு சொன்னாள்.

அதற்குப் பதிலாக, நான் எதுவும் எழுதாமல் மிஞ்சிய துண்டில் வந்ததுதான் இந்த அட்டை. இன்றைக்குக் கைபேசியைக் காட்டினால் எந்த ஊர் எழுத்தையும் அது படித்துச் சொல்லிவிடுகிறது. போன வாரம் இந்த அட்டையை அதற்குக் காட்டினேன். என்னென்னவோ உளறியது. பாவம், ஜப்பானிய எழுத்தைப் பார்த்து ஜப்பானிய மொழி என்றே நினைத்துவிட்டது. பத்திரிகையில் அண்ணன் பெயருக்குப் பின்னால் பி.காம். என்று இருந்தது. அண்ணியின் பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் வெறுமனே விட்டிருந்தார்கள். அந்த வெற்றிடத்தில்தான் அண்ணி நீலப் பேனாவால், ஒரு பிழைகூட இல்லாமல், தானே நிரப்பி அனுப்பியிருந்தார்: 'ரயில்ல படிச்சவ.'