மூன்று பக்கமும் ஒரு வள்ளமும்

முதலாம் வருட மாணவி என்பது சம்பளமில்லாத வேலை, ஆனால் வேலை போய்விடுமோ என்ற பயம் மட்டும் முழுநேரமும் உண்டு. டியூசன் கொட்டிலில் வளர்ந்து பல்கலைக்கழகம் வந்த என் இனத்தாரே, உங்களுக்கும் இந்தப் பயம் புதிதாக இருக்காது.

முற்றுப்புள்ளி

டியூசனில் மாஸ்டர் ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம் சொல்லுவார். முற்றுப்புள்ளி எங்கே என்றும் சொல்லுவார். பல்கலைக்கழகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் முதல் புள்ளிவிபரவியல் விரிவுரைக்குப் போய், பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியொரு குரலுக்காகக் காத்திருந்தேன். விரிவுரையாளர் தன்பாட்டுக்குக் கதைத்துக்கொண்டே போனார். பதறிப்போய்த் திரையில் வந்ததையெல்லாம் எழுதினேன், கடைசியில் வந்த அவருடைய மின்னஞ்சல் முகவரி உட்பட.

முடிந்ததும் கொப்பியைக் கொண்டுபோய், இதில் முக்கியமானதற்குக் கோடு போட்டுத் தரச்சொல்லிக் கேட்டேன். அவர் மின்னஞ்சல் முகவரிவரை பொறுமையாகப் பார்த்தார்.

"பிள்ளை, இதிலை உமக்கு எது விளங்கேல்லையோ, அதுதான் முக்கியம்."

எனக்கு எது விளங்கவில்லை என்பதே விளங்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நாலாம் பக்கம்

துர்க்கா என்னோடு ஒரே வருடம் சேர்ந்த பட்ச்காரி. ஊர் அளவெட்டி, அப்பா நாதஸ்வரம் வாசிப்பவர். அவள் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நான் குருநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். விரிவுரை இல்லாத நேரமெல்லாம் அவளுடைய அறைதான் எனக்குப் படிக்கும் இடம்.

நான் சத்தமாக, நடந்து நடந்து, ஒவ்வொரு நாளும் கொப்பியை முதலாம் பக்கத்திலிருந்து படிப்பேன். நாலாம் பக்கத்துக்கு வரும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அதற்குள் அந்த மூன்று பக்கத்துக்கும் மஞ்சள், பச்சை, றோஸ் என்று தீட்டி, நிறமில்லாத வரியே இல்லை என்றாக்கிவிட்டேன். ஒருநாள் நான் வாயைத் திறக்க முதலே துர்க்கா முதல் வரியைச் சொன்னாள். மூன்று பக்கமும் அவளுக்கே பாடமாகியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"எங்கடை அப்பா சறுக்கின இடத்தை மட்டும்தான் திருப்பித் திருப்பி வாசிப்பார். நீ சறுக்காத இடத்தையே வாசிச்சுக்கொண்டிருக்கிறாய்."

பழைய வினாத்தாள்

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். நான் இன்னும் சுருக்கமான வழி தேடினேன். ஒரு சீனியர் அக்காவிடம் பழைய வினாத்தாள்களை விடைகளோடு வாங்கி, இலக்கங்கள் உட்பட அத்தனையையும் பாடமாக்கினேன். இடைத்தேர்வில் அதே கேள்வி வந்திருந்தது. சந்தோசம் தாங்கவில்லை. எல்லோரும் கல்குலேற்றரைத் தட்டிக்கொண்டிருக்க, நான் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கேள்வி அதேதான். இலக்கங்களை மாற்றியிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது நூற்றுக்குப் பத்தொன்பது புள்ளி. இறுதித் தேர்வில் இதை ஈடுகட்டாவிட்டால் ரிப்பீட். அப்படியென்றால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு இருந்து எழுத வேண்டும், எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி'க்கு மேல் தரமாட்டார்கள். மகள் கம்பஸுக்கு எடுபட்டதைக் கடற்கரை முழுக்கச் சொல்லித்திரிந்த, மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் அப்பாவுக்கு இதை நான் சொல்லவில்லை. என் விடைத்தாளின் மேல் விரிவுரையாளர் சிவப்பில் எழுதியிருந்தார்.

"விடை சரி. கேள்விதான் வேறு."

குப்பி

பரீட்சைக்கு முன் விளங்கியவர்கள் விளங்காதவர்களுக்கு எடுக்கும் வகுப்புக்கு எங்களிடையே குப்பி என்று பெயர். கேட்டால் மறுக்கிற வழக்கம் இல்லை. என் நிறநிறமான கொப்பியை யாரோ பார்த்துவிட்டு, ஸ்ராண்டட் டீவியேஷன் என்கிற நியம விலகலுக்கு நான்தான் ஆள் என்று பட்ச் முடிவெடுத்தது. மறுப்பதென்றால் பத்தொன்பதைச் சொல்ல வேண்டும். தலையாட்டிவிட்டேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்க, பின்னேரம் ஒரு வெறும் மண்டபத்தில் முப்பது பேருக்கு முன்னால் நின்றேன். சூத்திரத்தை எழுதினேன், கணக்கைச் செய்தேன், விடை நாலு தசம் இரண்டு. முன்வரிசையில் இருந்த ரமீஸ், அதை வைத்துத் தான் என்ன செய்வது என்று கேட்டான். யாழ்ப்பாண நகரத்துப் பெடியன், விளங்காமல் எதையும் எழுதமாட்டான். நான் சூத்திரத்தைத் திருப்பிச் சொன்னேன். அவன் கேள்வியைத் திருப்பிச் சொன்னான். எனக்கு அழுகை வரப்போகிறது என்று தெரிந்தது.

அப்போது ஏனோ அப்பாவின் வள்ளம் நினைவுக்கு வந்தது. ஒரு வள்ளத்துக்கு ஒவ்வொரு நாளும் இருபது கிலோ மீன் படுகிறது, இன்னொன்றுக்கு ஒருநாள் அறுபது, அடுத்த இரண்டு நாளும் வெறும் வலை என்றேன். சராசரி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் எந்த வள்ளத்தை நம்பி எங்கள் அம்மா உலை வைப்பா? அந்த நம்பமுடியாத் தன்மையின் அளவுதான் இந்த இலக்கம். சொல்லும்போதே என் குரல் மாறியது எனக்கே கேட்டது. எங்களுடையது இரண்டாவது வள்ளம். பிறந்ததிலிருந்து நியம விலகலுக்குள்தான் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். ரமீஸ் கொப்பியை மூடினான்.

"உனக்கும் இப்பத்தான் விளங்கினது, என்ன?"

ஓம் என்றேன். பிறகு பத்தொன்பதையும் சொன்னேன். மூன்று பேர் தங்களுக்கு அதைவிடக் குறைவு என்றார்கள்.

பெறுபேறு

இறுதித் தேர்வு வினாத்தாளில் ஒரு கேள்வியும் முன்பு பார்த்ததாக இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்துத்தான் தொட்டேன். பெறுபேறு வந்த அன்று துர்க்காவின் அறையில் தொலைபேசியைப் பார்க்கப் பயந்து அவளிடம் நீட்டினேன். என் பரீட்சை இலக்கத்துக்கு நேரே 'பி'.

அப்பாவுக்கு அழைத்து, ஒளித்ததையெல்லாம் சேர்த்துச் சொன்னேன், வள்ளக் கதை உட்பட. அவர் வள்ளக் கதையை மட்டும் இன்னொரு தரம் சொல்லச்சொன்னார்.

"என்ரை வெறும் வலையாலை நீ பாஸ் பண்ணினனியெண்டால், பட்டத்திலை பாதி எனக்குத்தான் பிள்ளை."

வரும் செமஸ்டருக்குப் பாடங்கள் ஐந்து, எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரேயொரு வள்ளம்.