கொஜ்ஜு விற்கச் சம்பந்தி போட்ட திட்டம்

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை பத்தேகால். சாமுண்டி மலையை மறைத்துத் தூறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் என் சம்பந்தி பெங்களூரிலிருந்து மடிக்கணினியோடு வந்திறங்கினார். காலணியைக்கூடச் சரியாகக் கழற்றாமல், "சுவாமி, மூணே மாசத்துல டபுள் பண்ணிக் காட்டறேன்" என்றார். நான் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

விஷயம் இதுதான். என் மருமகள் வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடமாக எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே புளியோகரை கொஜ்ஜு, அதாவது புளியோதரைக்கான புளிக்காய்ச்சல், செய்து இணையத்தில் விற்று வந்தாள். மாதம் நூற்று நாற்பது பாட்டில் போனது. தசராவுக்குள் அது முந்நூறு ஆகவில்லை என்றால் கடையை மூடிவிட்டு, பெங்களூரில் இருக்கும் என் மகனோடு போய் இருந்து வேலை தேடுவதாகச் சொல்லியிருந்தாள். அவள் போனால் பேத்தியும் போவாள். பேத்திக்கு நான்கு வயது. நானும் என் மனைவியும் அந்த முந்நூறை நினைத்துத்தான் எழுந்தோம், படுத்தோம்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன். ஒரு வருட ஆர்டர்களைப் பிரித்துப் பார்த்திருந்தேன். நூறு பாட்டிலில் எழுபத்தொன்று, திரும்பத் திரும்ப வாங்கும் தொண்ணூறு வீடுகளுக்கே போயிருந்தது. அநேகமாக எல்லாரும் மேல்கோட்டை வழி வந்த நம் ஐயங்கார் மனிதர்கள். புரட்டாசிச் சனிக்கிழமைக்கும் கனுப் பொங்கலுக்கும் வாங்குகிறார்கள். சாதத்தில் கலந்து பெருமாளுக்கு வைக்கிறார்கள். அந்தத் தொண்ணூறு பேரையும் ஆளுக்கு இரண்டு புது வீட்டைச் சேர்த்துவிடச் சொன்னால் போதும் என்பது என் யோசனை.

சம்பந்தி சிரித்தார். முப்பது வருடம் விளம்பரக் கம்பெனியில் சோப்பும் பற்பசையும் விற்றவர். "மாமிகளை நம்பி பிசினஸ் வளராது சுவாமி. நமக்கு வேண்டியது பெங்களூர் ஆபீஸ் பசங்க. நீங்க எண்ணிண்டே இருங்கோ, நாங்க வித்துட்டு வரோம்."

மறுநாள் படப்பிடிப்பு. கொஜ்ஜு கொதித்து எண்ணெய் பிரிந்து, ஆறி நின்றது. அவரே கேமரா முன் நின்று, பாத்திரத்துக்குள் விரலை விட்டு, எடுத்து நக்கி, கண்ணை மூடிக்கொண்டார்.

என் மனைவி பதறிப்போய் ஓடி வந்தாள். "என்னது இது? பெருமாள் கண்டருளப்பண்றதுக்கு முன்னாடி நம்மாத்துல யாராவது தளிகையை வாய்ல வெச்சிருக்கோமா? உப்புகூட வாசனையைப் பார்த்துத்தான் போடறேன்!"

"இது பெருமாளுக்கு இல்லே மாமி, இன்ஸ்டாகிராமுக்கு."

அந்தப் பாத்திரத்தை மருமகள் அப்படியே சாக்கடையில் கொட்டினாள். விற்பனைக்குப் புதிதாகக் காய்ச்சினாள். ஆனால் அது வீடியோவில் இல்லை. சம்பந்தி அந்த வீடியோவைப் பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் வாட்ஸப்பில் அனுப்பச் செய்தார். அவர்கள் பத்துப் பத்துப் பேருக்கு அனுப்புவார்களாம். வேண்டாம் என்றேன். "மாமா, சும்னே இருங்கோ, அப்பாவுக்குத் தெரியும்" என்றாள் மருமகள்.

மேல்கோட்டை மாமி ஒருத்தியிடமிருந்து முதல் பதில் வந்தது. "எச்சில் பண்ணினதா இத்தனை நாளா எங்காத்துப் பெருமாளுக்குப் போச்சு?" அதன் பிறகு பதிலே வரவில்லை. ஆர்டரும் வரவில்லை. நாற்பதாயிரம் பேர் பார்த்த வீடியோ புதிதாக விற்றது ஒன்பது பாட்டில். ஆகஸ்டில் மொத்தமே ஐம்பத்திரண்டு.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கூடத்தில் இருந்தோம். மருமகள்தான் ஆரம்பித்தாள்.

"புரட்டாசிக்கு முன்னாடி ஒவ்வொரு ஆத்துக்கும் நானே ஃபோன் பண்றேன் மாமா. அந்தப் பாத்திரத்தைக் கொட்டிட்டோம், வித்தது வேறேன்னு சொல்றேன்."

"நீ எதுக்குச் சொல்லணும்?" என்றேன். "நக்கினவர் சொல்லட்டும். அதே கேமரா முன்னாடி நின்னு தமிழ்ல ஒரு தடவை, கன்னடத்துல ஒரு தடவை மன்னிப்பு கேக்கட்டும்."

சம்பந்தியின் காது சிவந்தது. "சுவாமி, நான் உங்காத்துக்குப் பொண்ணு குடுத்தவன். உங்க கிளாஸ்ல ஃபெயிலான பையன் இல்லே."

"ஃபெயிலான பையன் தப்புன்னு ஒத்துப்பான். அதுக்கும் ஒரு படிப்பு வேணும்."

"சாகு மாமா!" என்று கன்னடத்தில் சொல்லி மருமகள் எழுந்துவிட்டாள். "போதும். எங்கப்பாவை ஊர் முன்னாடி நிக்க வெச்சு வர ஆர்டர் எனக்கு பேடா, வேண்டவே வேண்டாம்."

அவள் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் போயின. அடுப்பு பற்றவைக்காத நாட்கள்தான் அதிகம். "அவதான் பேசறேன்னாளே, விட்டிருக்கப்படாதா?" என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். பாத்திரத்தில் கை வைத்தவர்தான் பேசியிருக்க வேண்டும். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

தசரா முடிந்த வாரம் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. கட்டில், பீரோ, காலி பாட்டில்கள் பதினோரு பெட்டி, பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள். பேத்தி முன் இருக்கையில் ஏறிக்கொண்டு ஹாரன் அடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். சம்பந்தி பர்ஸை எடுத்து, வேன் செலவில் பாதியைத் தானே தருவதாகச் சொன்னார். உம்முடைய பணம் வேண்டாம் என்றேன்.

வேன் வாடகை, ஏற்றுகூலி, சுங்கம் எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.