தேர்ச்சி பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள்

அரசின் தொழில்துறையில் அப்போது எனக்கு வாய்த்திருந்த வேலை, முதலீட்டாளர்களை அழைத்துப் போய் இடம் காட்டுவது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் கார் கம்பெனிகள் நிரம்பிவிட்டன; இனி தடுப்பூசி, உயிரியல் மருந்து தயாரிப்பவர்கள் வர வேண்டும் என்று அரசு முடிவு செய்திருந்தது. பக்கத்து மாநிலங்களும் அதே முடிவில்தான் இருந்தன. அதனால் என் கோப்பில் எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் இருந்தது: தடையில்லா மின்சாரம், சுத்திகரித்த தண்ணீர், ஒரே மேசையில் எல்லா அனுமதியும்.

ஒரு மருந்து நிறுவனத்தின் உற்பத்தித் தலைவர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, சென்னையில் படித்தவர். வல்லக்கோட்டை போகிற வழியில் வேலி போட்ட காலி மனையைக் காட்டினேன். பத்து நிமிடம்கூட அவர் நிற்கவில்லை.

“கரண்ட், தண்ணி எல்லா ஸ்டேட்லயும் தர்றாங்க. நுண்ணுயிர் வளர்க்கிற தொட்டி பக்கத்துல நின்னு பாத்துக்க ஆள் வேணும். ஆள் எங்க இருக்காங்க?”

“காலேஜ் நிறைய இருக்கு மேடம்.”

“நான் காலேஜைக் கேக்கல.”

கோப்பைப் புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை. எங்கள் கார் டிரைவர் சேரப்பணஞ்சேரிக்காரர். அவர்தான் வாயைத் திறந்தார். “என் சம்சாரம் படப்பைல லேடீஸ் ஹாஸ்டல் பாத்துக்கினு கீது சார். சயின்ஸ் படிச்ச பொண்ணுங்க அங்க நெறைய கீதுங்க. போய் பாக்கலாமா?”

போனோம். காலை ஷிப்ட் முடிந்து பெண்கள் திரும்பியிருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி சீருடையை உலர்த்திக்கொண்டிருந்தாள். நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. என்றாள். அம்மையார் எடுத்த எடுப்பில், தொட்டிக்குள் வேறு கிருமி புகுந்துவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

“பிஹெச் சட்டுனு எறங்கும் மேடம். வாடையும் மாறும். ஆனா அத வச்சு முடிவு பண்ணக் கூடாது. ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தாதான் உறுதி.”

“இப்ப என்ன வேலை பாக்குறீங்க?”

“கார்ல ஒயரு மாட்டுத லைன்ல இருக்கேன். படிப்ப முடிச்சு நாலு வருசமாச்சு. லேப்ல போய்க் கேட்டா அனுபவம் இருக்கான்னு கேக்காவ. அதுக்கு நான் எங்க போக?”

காரில் திரும்பும்போது அம்மையார் சொன்னார்: “இவங்களுக்கு ஆறு மாசம் நிஜமான தொட்டியில டிரெயினிங் குடுங்க. நாங்க வராட்டியும் வேற யாராவது வருவாங்க.”

அந்த வாரமே குறிப்பு எழுதினேன். கோப்பு நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்ந்தது. உதவித்தொகையோடு ஒரு பயிற்சி மையம் என்று முடிவானது. ஆணையின் வரைவை நானே தயாரித்தேன். தகுதி நிபந்தனைகளை ஒரு பழைய திட்டத்திலிருந்து அப்படியே எடுத்து வைத்தேன். ‘தேர்ச்சி பெற்று இரண்டு ஆண்டுகளுக்கு மிகாமல்’ என்ற வரியும் அதோடு வந்து சேர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

அந்த நிறுவனம் வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. மையம் மட்டும் திறந்தது. சில நாட்களில் அந்தச் சங்கரன்கோவில் பெண் போன் செய்தாள். டிரைவரின் மனைவியிடம் நம்பர் வாங்கியிருக்கிறாள்.

“சார், எனக்குத் தகுதி இல்லைன்னு வந்திருக்கு. ரெண்டு வருசத்துக்குள்ள பாஸ் பண்ணிருக்கணுமாம்.”

“விதி அப்படிம்மா.”

யார் எழுதிய விதி என்று நான் சொல்லவில்லை.

“அப்பம் அன்னைக்கு என்கிட்ட எதுக்கு சார் கேள்வி கேட்டிய?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன்.

திருத்தம் கோரிக் கோப்பு வைத்தேன். காரணம் என்ற இடத்தில், ‘வரைவு தயாரிக்கையில் என்னால் நேர்ந்த பிழை’ என்று எழுதினேன். ‘துறையின் மறுபரிசீலனை’ என்று போட்டால் போதுமே என்றார் மேலதிகாரி. நான் மாற்றவில்லை. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது, பதில் கொடுத்தேன். திருத்தம் வெளிவர எட்டு மாதம் பிடித்தது. மையத்தின் இரண்டாவது அணியில் அவள் சேர்ந்தாள். போன் செய்து, அந்த வரியை எழுதியது நான்தான் என்று அப்போது சொன்னேன். “சரி சார், கிளாஸுக்கு நேரமாச்சு” என்றாள்.

அடுத்த ஆண்டு தடுப்பூசியைக் குப்பியில் நிரப்பும் சிறிய நிறுவனம் ஒன்று ஒரகடத்துக்கு வந்தது. பயிற்சி பெற்ற ஆட்கள் தயாராக இருப்பதை அவர்கள் முதல் காரணமாகச் சொன்னதாக எங்கள் அறிக்கையில் எழுதினோம். அது உண்மைதான். அவளைத் தரப் பரிசோதனைப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் சில விருந்தினர்களை அங்கே அழைத்துப் போனேன். பரிசோதனை முறையை அவள்தான் விளக்கினாள். மற்றவர்கள் முன்னால் நடந்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“தங்கச்சியும் மைக்ரோபயாலஜி சேந்துட்டா சார். வேண்டாம்னு நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல.”

“ஏன் வேண்டாம்னீங்க?”

“நாலு வருசம் ஒயரு மாட்டினது நான்லா” என்று சொல்லிவிட்டு, அடுத்த அறையின் கதவைத் திறந்துவிட்டாள்.