பன்னிரண்டு 'ரெஸ்பான்சிபிலிட்டி'

டீசலும் அழுகிய மீனும் கலந்த வாடை மூக்கில் ஏறினால், இப்போதும் என் வாய் தானாக 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்று முணுமுணுக்கும்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் அப்பாவுக்குத் தண்ணீருக்கு அடியில் வேலை. நாங்கள் 'லாஞ்சி' என்று சொல்லும் விசைப்படகின் அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால், கத்தியைப் பல்லில் கடித்து, மூச்சைப் பிடித்து 'முங்கி', அறுத்துவிட்டு வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோகும் நான், அவர் தலை மறைந்ததிலிருந்து திரும்பத் தெரியும்வரை செத்துச் செத்துப் பிழைப்பேன்.

ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன். பயம்தான் கூடியது, எண்களுக்கு முடிவே இல்லையே. அந்தச் சமயத்தில்தான் ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சர் அந்த நீளச் சொல்லைப் பலகையில் எழுதி, ஆறு துண்டாக்கி, துண்டுக்கு ஒரு கைத்தட்டு என்று சொல்ல வைத்தார்: ரெஸ்–பான்–சி–பி–லி–டி. "எல்லாத்தையும் ஒரே மாதிரி இழுக்காதீங்க, நாலாவத மட்டும் அழுத்துங்க" என்றார். நான் அழுத்தத்தை வகுப்பிலேயே விட்டுவிட்டு, ஆறு தட்டுகளை மட்டும் துறைமுகத்துக்குக் கொண்டுபோனேன். பன்னிரண்டு முறை சொல்லி முடிப்பதற்குள் அப்பா தலை வெளியே வந்துவிடும்.

ஒரு நாள் பன்னிரண்டும் முடிந்தது. தண்ணீர் அப்படியே கிடந்தது. "மாதாவே, எங்கப்பாவக் காணும்!" என்று நான் போட்ட சத்தத்தில், இளவட்டமான லாஞ்சி டிரைவர் சட்டையோடு குதித்துவிட்டார். அவர் குதித்த அலை அடங்குமுன் அப்பா கையில் வலைத்துண்டோடு சாவகாசமாக எழுந்தார்.

"ஏலே, நீ எதுக்குலே குதிச்ச?"

"ஒம்ம மவகிட்ட கேளும் அண்ணாச்சி! இப்பத்தான் முங்குனீரு, அதுக்குள்ள என்னத்தையோ எண்ணி முடிச்சி ஒப்பாரி வச்சிட்டா. பை நெறய பீடி, எல்லாம் போச்சு!"

"அப்படி என்னளா எண்ணுன?" என்றார் அப்பா. சொல்லிக்காட்டினேன். படகே சிரித்தது. சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது: பயத்தில் ஆறு துண்டும் தீப்பட்ட நைலான் கயிறுபோல ஒட்டிச் சுருங்கி, ஒரே மடக்கில் முடிந்துபோயிருந்தன. மறுநாள், டீச்சர் சொன்ன அந்த 'பி'யில் காலை ஊன்றுவதுபோல ஊன்றி நின்றேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ளவை தம் தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. அப்பா ஒன்பதிலேயே வந்துவிட்டார்.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அம்மாவுக்கு முடியாமல் போய், வீட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. படித்ததில் பாதி மறந்துவிட்டது, கவலைப்படுவது மட்டும் மறக்கவில்லை.

இப்போது அங்கே வெறும் மூச்சில் முங்குகிறவர்கள் இல்லை. காற்றுக்குழாயோடு இறங்குகிறார்கள், மேலே கம்ப்ரசர் இரைகிறது, கரையில் நின்று யாரும் எண்ண வேண்டியதில்லை. அப்பா என்னோடுதான் இருக்கிறார். காலையில் அவர் குளிக்கப்போய்க் கதவைச் சாத்தியதும், தோசையைத் திருப்பிக்கொண்டே நான் ஆரம்பித்துவிடுவேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் பன்னிரண்டு வரை தாங்காது, ஐந்திலேயே "அப்பா?" என்பேன்.

"சோப்பு போடுதேன்ளா" என்பார் உள்ளேயிருந்து. "நிதானமா எண்ணு."