முதலில் பேசும் நாற்காலி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஈசூன் வீட்டுக் கூடத்தில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தது. 1986, ஜூலை, சனிக்கிழமை. அவர் ஸ்டூல் மேல் நின்றார். நான் பின்னால் நின்று ஸ்டூலைப் பிடித்திருந்தேன். பல மாதங்களாக மனதில் கிடந்ததை அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

“அப்பா, சீட்டுல நீங்க ஏமாத்துறீங்களா?”

திரும்பாமலே ஸ்க்ரூடிரைவருக்காகக் கையை மட்டும் நீட்டினார்.

அப்பா லாசரஸ் விமானங்களில் சரக்கு ஏற்றுபவர். பாய லேபார் விமான நிலையத்தில் தொடங்கி சாங்கி வரை இருபத்திரண்டு வருடம். கோயிலில் வாசகம் படிப்பவர். ஞாயிறு பூசை முடிந்ததும் பெர்னார்ட் மாமா வீட்டில் போக்கர் ஆடுவார். பந்தயம் தீக்குச்சிகள். வீட்டுக்காரரே எப்போதும் சீட்டுப் போடுவது அங்கே வழக்கம். அவருக்கு இடப்பக்கம் உட்காருபவர், மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாமலே முதலில் பேச வேண்டும். யாருக்கும் வேண்டாத நாற்காலி. அப்பா அதை விட்டுக்கொடுத்ததே இல்லை.

அதில் உட்கார்ந்தும் ஜெயித்தார். ராஜா ஜோடி மாதிரி நடுத்தரமான சீட்டு வந்தால் பந்தயம் கட்டாமல் மேசையைத் தட்டி ‘செக்’ என்பார். பெர்னார்ட் மாமாவுக்கு ஒன்றுமில்லாத சீட்டையும் கீழே வைக்க மனம் வராது; அவரே குச்சிகளைத் தள்ளுவார். அப்பா அதே அளவு தள்ளிவிட்டுச் சீட்டைத் திறப்பார். பயந்த சுபாவக்காரரான முகைதீன் மாமா குச்சிகளைத் தள்ளினால் மட்டும் அப்பா உடனே விலகிவிடுவார்.

“அண்ணன் சேசுகிட்ட கேட்டுட்டு ஆடுறாரு லா,” என்பார் பெர்னார்ட் மாமா.

“நீயே காட்டிக் குடுக்கிற. அவரு எதுக்கு?” என்பார் முகைதீன் மாமா.

நான் மின்னணுத் தொழிற்சாலையில் பழுது கண்டுபிடிக்கும் டெக்னீஷியன். ஒரு தடயம் கிடைத்தது. பெர்னார்ட் மாமாவின் பின்னால் அவர் மனைவி உர்சுலா அத்தை தேநீரோடு நிற்கும்போது அப்பாவின் கண் அத்தையின் உதட்டிலேயே இருக்கும். மூன்று ஞாயிறு கவனித்தேன். அத்தை கேட்டதெல்லாம் “சீனி போதுமா?” மட்டும்தான். அதையும் சந்தேகித்தேன்.

மின்விசிறி துடைத்த ஐந்தாம் நாள், வேலையிடத்தில் அப்பாவுக்கு மாரடைப்பு. ஸ்டூல் மேல் அவர் பேசாமல் நின்றதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டு அடக்கத்துக்குப் போனேன்.

ஏழாம் நாள் பூசைக்குப் பின் பெர்னார்ட் மாமா அப்பாவின் சீட்டுப் பெட்டியைக் கொடுத்தார். “அந்த நாற்காலியில யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க, ரூபி.”

பெட்டியின் அடியில் ஒரு கிளினிக் கடிதம், மார்ச் மாதத் தேதியிட்டு. இரண்டு காதும் பெருமளவு கேட்கவில்லை. முழுப் பரிசோதனைக்குத் துணையோடு வரவும்.

விமானங்களுக்கு நடுவே காது கேளாதவரை வேலைக்கு வைத்திருக்க மாட்டார்கள். அதனால் மறைத்திருக்கிறார். முதலில் பேசுபவர் யார் சொன்னதையும் காதில் வாங்க வேண்டியதில்லை. பிறகு குச்சிகள் நகர்வதைப் பார்த்தால் போதும். அத்தையின் உதட்டைப் பார்த்தது சீனிக்காகத்தான்.

நானோ பின்னால் நின்று கேட்டேன்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘ரூபிக்கு எந்த நாள் லீவு என்று விசாரிக்கணும்.’

என்னிடம் விசாரிக்கவில்லை.