புத்தகத்தில் இல்லாத பேருந்து

நாங்கள் வசிக்கும் கன்னட ஊரின் அக்ரஹாரத்தில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தொடக்கப் பள்ளியின் நூலகம் என்பது, நான்காம் வகுப்பின் மூலையில் நிற்கும் ஓர் இரும்பு பீரோ. அதிலிருந்த எல்லாப் புத்தகங்களுக்கும் யாரோ ஒரு பொறுப்பான ஆசிரியர் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு வைத்திருந்தார். அழுக்காகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். யானைக் கதையும் கழித்தல் பயிற்சியும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றாகவே இருந்தன. ஒருவரும் தொடவில்லை. அழுக்கும் ஆகவில்லை.

இந்த பீரோவுக்கு நான் பொறுப்பாளனானதற்கு என் மனைவி காரணம். அவள் அங்கே மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நான் வீட்டிலிருந்தபடி நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன்; அதாவது, கேஸ் சிலிண்டர் வரும்போது கதவைத் திறப்பதற்கு வீட்டில் இருக்கிற ஆள். "சும்மாதானே இருக்கீங்க" என்று கூட்டிப்போனவள், தலைமையாசிரியையிடம் என்னைப் பெரிய படிப்பாளி என்று அறிமுகம் செய்தாள். வீட்டில் அதே சொல்லை வேறு தொனியில் சொல்வாள்.

தலைமையாசிரியை சுற்றிவளைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நான்காம் வகுப்புக்கு நூலகம். தசரா விடுமுறைக்குள் பிள்ளைகள் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த பீரியட் கணக்குக்குப் போய்விடும். கணக்கு ஆசிரியர் ஏற்கெனவே அதில் துண்டு போட்டு வைத்திருந்தார்.

முதல் இரண்டு வாரமும் வாசிப்பின் மேன்மை பற்றிப் பேசினேன். பிள்ளைகள் மிகுந்த மரியாதையோடு கொட்டாவி விட்டார்கள். என் கட்டுரைகள் படிக்கப்படும் காட்சியை நேரில் பார்த்ததுபோல் இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு விதி கொண்டுவந்தேன். புத்தகம் எடுத்துப்போகிறவர் அடுத்த வெள்ளி அதன் கதையை வகுப்பின் முன் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த புத்தகம். விதியில் ஓர் ஓட்டை இருந்தது. கதை சரியா என்று பார்க்க நான் அந்தப் புத்தகங்களைப் படித்திருக்க வேண்டும். தலையணைக்கு ஆகும் தடிமனில் நாவல்கள் படித்து முடித்தவன் நான். பன்னிரண்டு பக்கப் படப் புத்தகத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

முதலில் முன்வந்தவள் ஓர் ஒல்லியான சிறுமி. ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அப்பா இங்கே மார்க்கெட்டில் பூ விற்கிறார். வகுப்பில் கன்னடம் பேசுவாள், என்னிடம் மட்டும் தமிழ். அடுத்த வெள்ளி வந்து நின்று கன்னடத்தில் கதையைத் தொடங்கினாள்.

ஒரு தையல்காரர் யானைக்குச் சட்டை தைக்கிறார். பாக்கெட் வைக்கவில்லை என்று யானைக்குக் கோபம். பாக்கெட் வைத்த சட்டை மாதேஸ்வரன் மலையில்தான் கிடைக்கும் என்று இருவரும் கொள்ளேகாலத்தில் பேருந்து ஏறுகிறார்கள். யானை கடைசி சீட்டில் உட்கார்ந்ததும் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிடுகின்றன. ஓட்டுநர் வானத்தைப் பார்த்தபடியே வண்டியை மலைக்கு ஓட்டிவிடுகிறார்.

வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது. நானும்தான். குழந்தைப் புத்தகங்கள் இவ்வளவு முன்னேறியிருப்பது தெரியாமல் போயிற்றே என்று அன்று வீட்டில் அரை மணி நேரம் பேசினேன்.

அந்தப் புத்தகத்துக்கு அடிதடி. கெட்டிக்காரப் பையன் ஒருவன் வாங்கிப் போனான். அடுத்த வெள்ளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, இதில் பேருந்தே இல்லை என்றான். மற்றவர்கள் நம்பவில்லை. அவன் சரியாகப் பார்த்திருக்க மாட்டான் என்று இன்னொருத்தி எடுத்துப் போனாள். பிறகு இன்னொருவன். கடைசிப் பக்கத்தில் இருந்த அச்சக முகவரி வரை படித்தார்கள். பேருந்து அங்கே நிற்கலாம் அல்லவா.

அதற்குள் அவள் அடுத்த கதையைச் சொல்லியிருந்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நெடுஞ்சாலையைக் கடக்கும் தவளைக்குப் போக்குவரத்துக் காவலர் குடை பிடிக்கிறார். புத்தகத்தில் தவளை கடந்தது ஒரு குட்டையைத்தான் என்று வகுப்பே படித்துக் கண்டுபிடித்தது. அதன் பிறகு, அவள் சொல்லி முடித்ததும் புத்தகம் கைமாறும். ஒரு வாரம் ஆளாளுக்குப் படித்துப் பொய்களைப் பக்க எண்ணோடு எடுத்து வருவார்கள். பழுப்பு அட்டைகள் கிழிந்தன. பீரோவில் இடைவெளி விழுந்தது. எல்லாம் என் விதியின் வெற்றி என்று மனைவியிடம் சொன்னேன். நான் அதில் ஒரு புத்தகத்தையாவது திறந்து பார்த்தேனா என்று கேட்டாள்.

திறந்து பார்த்தேன். யானை சட்டையைப் போட்டுக்கொள்கிறது. தையல்காரர் மகிழ்கிறார். மழை வருகிறது. அவ்வளவுதான்.

சிறுமியைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏம்மா, படிக்காமலே சொன்னியா?"

"படிச்சனுங்க சார். ரெண்டு வாட்டி படிச்சேன். அதுல ஒண்ணுமே நடக்கலீங்க. அதான் ஒரு பஸ்ஸு உட்டனுங்க."

குழம்பில் உப்புக் குறைந்தது, போட்டேன் என்பதுபோல் சொன்னாள். கண்டிக்க வேண்டியது என் கடமை. வாயைத் திறந்தபோது கணக்கு ஆசிரியரின் துண்டு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

விடுமுறைக்கு முந்தைய வெள்ளி தலைமையாசிரியை வந்தார். புத்தகம் எடுத்தவர்களின் பெயரை நான் எழுதிவைத்த நோட்டைப் புரட்டினார், முகம் மலர்ந்தது. யாராவது ஒரு கதை சொல்லுங்கள் என்றார். வகுப்பு முழுவதும் அவளைக் கைகாட்டியது. மரம் ஏறப் பயந்த குரங்கின் கதையை எடுத்தாள். அவள் சொன்னதில் குரங்கு ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே டாக்டர் ஒரு கரடி. ஊசியைப் பார்த்ததும் குரங்கு அங்கிருந்த கம்பத்தில் ஏறிவிட்டது, பயமும் போய்விட்டது. தலைமையாசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரும் புத்தகத்தைப் படித்தவரில்லை.

முதல் பெஞ்சில் கெட்டிக்காரப் பையன் எழுந்தான். "சுள்ளு, மிஸ்" என்றான். கன்னடத்தில் பொய் என்று பொருள். கரடியே கிடையாது, ஏழாம் பக்கத்தில் இருப்பது அணில் என்றான். ஆஸ்பத்திரியும் இல்லை என்றாள் இன்னொருத்தி. பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் புத்தகம் முழுவதையும் ஒப்பித்துவிட்டார்கள்.

தலைமையாசிரியை சிறுவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார். ஒரு குற்றச்சாட்டும் தவறவில்லை. பிறகு என்னைப் பார்த்து, இதை நீங்கள் படிக்கவில்லையா என்று விசாரித்தார். பெரிய படிப்பாளியான நான் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தேன்.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. பிள்ளைகள் படிக்கிறார்கள், பீரியட் இருக்கட்டும். ஆனால் இனிமேல் புத்தகத்தில் இருப்பதை மட்டுமே சொல்ல வேண்டும். தீபாவளி கழித்து மறுபடி வந்து நோட்டைப் பார்ப்பார். புத்தகங்கள் நகராவிட்டால் கணக்குதான்.

விடுமுறை முடிந்து முதல் வெள்ளி, சிறுமி உள்ளது உள்ளபடி சொன்னாள். ஒரு நாய் இருந்தது. அதன் பந்து காணவில்லை. தேடியது. கிடைத்தது. சொல்லி முடித்து இடத்தில் போய் உட்கார்ந்தாள். பையன் புத்தகத்தைப் பிரித்து, எல்லாம் சரி என்று சான்றளித்து பீரோவில் வைத்தான். அந்தப் புத்தகத்தை வேறு யாரும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. நோட்டில் அவள் பெயரைத் தவிர ஒரு வரிகூட ஏறவில்லை. கணக்கு ஆசிரியர் அந்த வராண்டாவில் சற்று மெதுவாக நடக்கத் தொடங்கியிருந்தார்.

மூன்றாம் வெள்ளி மணி அடிக்கும் முன் அவளை பீரோவுக்குப் பின்னால் கூப்பிட்டேன். "அந்த நாய்க் கதையை இன்னிக்கு இன்னொரு தடவை சொல்லும்மா. கூட ஒரு ஆட்டையாவது சேர்த்துக்கோ."

"பெரிய மிஸ்ஸு வேண்டாம்னாங்களே."

நோட்டில் காலியாகக் கிடந்த வரிகளைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். "ஆடு சும்மா நிக்கட்டுமுங்களா, பேசட்டுமுங்களா?"

பேசியது. நாயின் பந்தை விழுங்கிவிட்டு, கண்ணில் படவேயில்லை என்று சத்தியமும் செய்தது. ஆறு பேர் நாய்ப் புத்தகத்துக்குக் கை நீட்டினார்கள். முந்திக்கொண்ட பையன், ஆடு எத்தனையாம் பக்கத்தில் வருகிறது என்று என்னிடம் கேட்டான். எனக்குச் சரியாக ஞாபகமில்லை, நீயே படித்துப் பார்த்துச் சொல் என்று நோட்டில் அவன் பெயரை எழுதிக்கொண்டேன்.